ஸ்கோலே: 'ஓய்வு' போதாது, 'ஒழிவு' வைக்கலாமா?

வணக்கம் ஐயா,

கிரேக்கத் தத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் ஸ்கோலே பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் இது. அலுவல் நெருக்காமல், சிந்திக்கவும் பேசவும் கை காலியாக இருக்கும் நிலைக்கு அரிஸ்டாட்டில் போன்றவர்கள் வைத்த பெயர் ஸ்கோலே.

> ஸ்கோலே என்பதற்கு 'ஓய்வு' என்றே போட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். ஓய்வுக்கு அரிஸ்டாட்டிலிடம் தனிச் சொல் இருக்கிறது, அனாபௌசிஸ். களைத்தவன் மறுபடி உழைக்கத் தெம்பு தேடிக்கொள்வது அது. விளையாட்டையும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறார். தன் 'அரசியல்' நூலின் 8ஆம் புத்தகத்தில், மருந்து மாதிரி வேளை பார்த்துக் கொடுக்க வேண்டிய பொருள் என்கிறார். ஸ்கோலே அப்படியே தலைகீழ். ஓய்வு வேலைக்காக, வேலையோ ஸ்கோலேவுக்காக. போர் செய்வது அமைதிக்காக என்பது போல நாம் ஓடியாடி அலைவதெல்லாம் ஸ்கோலே கிடைப்பதற்காக என்று 'நிக்கோமாக்கிய அறவிய'லிலும் (10ஆம் புத்தகம்) வருகிறது. இரண்டுக்கும் 'ஓய்வு' என்றே போட்டால் அந்த 8ஆம் புத்தகப் பகுதியில் மொழிபெயர்ப்பாளர் மாட்டிக்கொள்வார்.

'பொழுதுபோக்கு' வேண்டவே வேண்டாம். அக்கா சொன்ன 'சும்மா இருத்தல்' அழகுதான், ஆனால் அதில் தாயுமானவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், எழுப்ப முடியாது. பேச்சும் நினைப்பும் அடங்கிய நிலை அது. ஸ்கோலேயில் இருக்கும் கிரேக்கர்களோ பேசித் தீர்க்கிறார்கள்! பிளேட்டோவின் 'தியேடெட்டஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் இரண்டு வகை ஆட்களைக் காட்டுகிறார். வழக்குமன்றத்தில் பேசுபவனை நீர்க்கடிகாரம் விரட்டுகிறது. ஏதென்ஸின் அகோராவில் (பழைய சந்தைச் சதுக்கம்) அப்படி ஒன்று அகழாய்வில் கிடைத்திருக்கிறது, வெறும் மண்பானை, அடிப்பக்கத்தில் ஒரு துளை, தண்ணீர் வடிய சுமார் 6 நிமிடம். அதற்குள் சொல்ல வேண்டியதைக் கொட்டியாக வேண்டும், பேச்சு வழக்கை விட்டு விலகுகிறதா என்று எதிராளி வேறு பக்கத்திலேயே நிற்கிறான். தத்துவம் பேசுகிறவர்களுக்கு அந்தப் பானைத் தொல்லை கிடையாது. ஒரு பேச்சைப் பாதியில் விட்டு இன்னொன்றைப் பிடிக்கலாம், நீளமோ குட்டையோ, உண்மை அகப்பட்டால் சரி. இந்த நிலைக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

என் பரிந்துரை: ஒழிவு. 'ஓய்வு ஒழிச்சல் இல்லாம' என்று வீட்டில் நாள் முழுக்கப் புலம்புகிறோமே, அதில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஓய்வு உடம்புக்கு, ஒழிச்சல் கைக்கு. 'கை ஒழிஞ்சதும் வா' என்றால் களைப்பாறிவிட்டு வா என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இன்னொரு வசதி, கிரேக்கத்தில் அலுவலுக்குப் பெயரே அஸ்கோலியா, அதாவது ஸ்கோலே இல்லாமை. ஒழிவு, ஒழிவின்மை என்று ஜோடி தானாக அமைகிறது.

'ஒழிக' கோஷம் காதில் விழும் என்பீர்கள். விழும். ஆனால் வறுமை ஒழிப்பு, மது ஒழிப்பு எல்லாம் பிறவினை, ஒழிவு தன்வினை. வாக்கியத்தில் வைத்துப் படித்தால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

> அடிமைகள் உழைப்பில் வாழ்ந்தவர்களின் சொகுசுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

நியாயமான கேள்வி, சொல்விளக்கத்தில் இதை மறைக்கவும் கூடாது. 'அடிமைக்கு ஸ்கோலே இல்லை' என்ற பழமொழியை அரிஸ்டாட்டிலே எடுத்துக்காட்டுகிறார், கூச்சமே இல்லாமல். ஸ்பார்ட்டாவின் ஆண்கள் கலப்பை தொட்டதில்லை, நிலத்தில் உழைத்தவர்கள் ஹெலட்டுகள் என்ற அடிமைக் குடிகள். ஆனால் அதே ஸ்பார்ட்டாவை வைத்து அவர் சொல்லும் குறையும் சுவாரஸ்யமானது: போர் நடக்கும்வரை அவர்கள் தாக்குப்பிடித்தார்கள், ஆதிக்கம் கைக்கு வந்ததும் சரிந்தார்கள், ஏனென்றால் ஸ்கோலேயில் எப்படி வாழ்வது என்று சட்டம் வகுத்தவர் அவர்களுக்குப் பழக்கவே இல்லை. அமைதி வந்தால் இரும்பு போலப் பதம் இழக்கிறார்கள் என்கிறார். கி.மு. 371இல் லூக்ட்ரா போரில் தீப்ஸ் நகரத்தாரிடம் அவர்கள் தோற்றது அரிஸ்டாட்டில் சிறுவனாக இருந்தபோது நடந்தது. ஆக, பிறர் உழைப்பைப் பிடுங்கிக் கையை ஒழித்துக்கொண்டால் மட்டும் ஸ்கோலே வந்துவிடாது, அதற்கும் பயிற்சி வேண்டும் என்பது அவர் கட்சி; பிடுங்கியது தப்பு என்று சொல்ல மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

சரி, இப்போதைக்கு ஸ்கோலே ஒழிவு, அஸ்கோலியா ஒழிவின்மை, அனாபௌசிஸ் ஓய்வு, பைடியா விளையாட்டு என்று பட்டியலில் ஏற்றலாமா? டியாகோகே மட்டும் இடிக்கிறது. ஒழிவில் இசை கேட்டும் சிந்தித்தும் காலம் கழிப்பதை அப்படிச் சொல்கிறார். 'பொழுதாற்றல்' என்று ஒன்று நாக்கு நுனியில் நிற்கிறது, திருப்தி இல்லை. அக்கா, உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?