வெப் டாக்குமென்டரி: கிளைக்கதையா, நேர்க்கதையா? கூடவே ஐபோனில் கறுப்புத் திரை

பாதிக்கதை:
ஆறு பேரின் பேட்டி, 95 நிமிட ஃபுட்டேஜ், 300 ஃபோட்டோ, தனியாகப் பதிந்த சூழல் ஒலி கையில் இருக்கு. பிரவுசர்லயே பார்க்கிற ஆவணப்படமா ட்வைன்ல (கிளைக்கதை கட்டுற மென்பொருள்) கட்டிட்டிருக்கேன். ஒவ்வொரு கிளிப் முடிவிலும் மூணு தேர்வு வெச்சேன், நாலாவது கட்டத்துலயே கை மீறிப் போச்சு. அடுத்தது, முதல் வீடியோ கம்ப்யூட்டர்ல தானா ஓடுது, ஐபோன்ல கறுப்புத் திரைதான். ஸ்க்ரோலோட சேர்ந்து நகர்ற வீடியோவும் திக்கித் திக்கிப் போகுது. எங்கே தப்பு?

வெட்டுமேசை:
கணக்கைப் பாருங்க. மூணு தேர்வு, நாலு கட்டம்னா 3, 9, 27, 81. தொடக்கத்தையும் சேர்த்தா 121 துண்டு. 95 நிமிடத்துல ஒரு ஃப்ரேம்கூட வெட்டாம போட்டாலும் துண்டுக்கு 47 நொடிதான் தேறும். பார்க்க வர்றவரோ அதுல அஞ்சைத்தான் பார்ப்பார். கற்பனைக் கதைன்னா கிளைக்குத் தகுந்த மாதிரி எழுதிக்கலாம், இங்கே எடுத்ததுக்கு மேல ஒண்ணும் கிடைக்காது.

ஒரு முதுகெலும்பு வைங்க: ஏழெட்டு அத்தியாயம், ஒவ்வொண்ணும் 2–3 நிமிடம். மிச்சம் எல்லாம் பக்கக் கதவு. கதவுக்குள்ள போனவர் விட்ட இடத்துக்கே திரும்பி வரணும். பக்கத் துண்டு எந்த வரிசையில பார்த்தாலும் புரியணும். "அதான் அவர் அப்பவே சொன்னாரே"ன்னு தொடங்குற பேட்டியை அங்கே வெச்சா, எவர்னு பார்க்கிறவருக்குத் தெரியாது. பேசுறவர் பெயரும் தொழிலும் ஒவ்வொரு துண்டிலும் மறுபடி திரையில வரட்டும்.

பொத்தான்ல "மேலும் அறிய"ன்னு போடாதீங்க, அதை யாரும் தொட மாட்டாங்க. "கணக்கு நோட்டில் அவர் அடித்துத் திருத்திய பக்கம்"னு போட்டா கை தானா போகும். நிரல் எழுத உட்கார்றதுக்கு முன்னாடி, துண்டுக்கு ஒரு அட்டை எழுதித் தரையில பரப்பி, கதை தெரியாத நாலு பேரை எடுக்கச் சொல்லுங்க. யாருமே தொடாத அட்டைன்னா ஒண்ணு தலைப்பு சரியில்லை, இல்லைன்னா அந்தத் துண்டே வேண்டாம்.

கோடெக்_குமரன்:
ஐபோனுக்கு: பக்கத்தோட நிரல்ல வர்ற வீடியோ டேக்ல 'ஆட்டோப்ளே'வோட 'ம்யூட்டட்' (ஒலியில்லாம), 'ப்ளேஸ்இன்லைன்' (முழுத்திரைக்குப் போகாம பக்கத்துலயே ஓட) ரெண்டும் இருக்கணும். ஒலியோட தானா ஓடுறதை சஃபாரி விடாது, குரோமும் 2018 ஏப்ரல்ல வந்த 66-ஆம் பதிப்புலேர்ந்து கட்டுப்படுத்துது. அதனால முதல் பக்கத்துல "ஒலியுடன் தொடங்கு"ன்னு ஒரு பொத்தான் வெச்சு, அந்தத் தொடுதலுக்குள்ளயே வீடியோவோட ப்ளே கட்டளையைக் கூப்பிடுங்க. லோ பவர் மோட்ல ம்யூட் செய்த வீடியோகூட தானா ஓடாது. போஸ்டர் படம் (வீடியோ ஓடுறதுக்கு முன்னாடி தெரியற நிலைப்படம்) கண்டிப்பா வைங்க, கறுப்புத் திரை வராது.

திக்கறதுக்குக் காரணம் கீஃப்ரேம், அதாவது முழுப்படமாப் பதிவாகிற ஃப்ரேம்; நடுவுல உள்ளதெல்லாம் மாற்றத்தை மட்டும்தான் வெச்சிருக்கும். வீடியோவைச் சுருக்குற எக்ஸ்264 தன்போக்குல 250 ஃப்ரேம் வரைக்கும் இடைவெளி விடும், 25 எஃப்பிஎஸ்ல அது 10 நொடி. 240-ஆவது ஃப்ரேமுக்குத் தாவணும்னா முந்தின கீஃப்ரேம்லேர்ந்து ஒவ்வொண்ணா டீகோட் பண்ணிட்டு வரணும். வீடியோ மாத்துற கருவியான எஃப்எஃப்எம்பெக்ல கீஃப்ரேம் இடைவெளியை 5 ஃப்ரேமுக்குக் கீழே கொண்டு வாங்க, ஒலி டிராக்கைத் தூக்கிடுங்க. ஃபைல் ஊதும், வேற வழியில்லை. துண்டு சின்னதுன்னா படவரிசையா மாத்தி கேன்வாஸ்ல (பக்கத்துல படம் வரையற பரப்பு) வரையறது மேல்: 10 நொடித் துண்டுக்கு, நொடிக்கு 12 படம்னா 120 வெப்பி படம், ஒண்ணு 60 கேபின்னா 7.2 எம்பி. மத்த எம்பி4 எல்லாத்துக்கும் இண்டெக்ஸை ஃபைலோட முன்னாடி கொண்டு வர்ற 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' போடுங்க. இண்டெக்ஸ் ஃபைல் கடைசியில கிடந்தா வீடியோ தொடங்கவே நேரமாகும்.

ஓரக்குறிப்பு:
குமரன் சொன்ன நுட்பம் சரி, ஆனா எதை ஸ்க்ரோல்ல கட்டறோம்னு யோசிக்கணும். பேசுற முகத்தை அதுல கட்டாதீங்க. ஒருத்தர் அழுது நிறுத்தற இடத்தை விரலால முன்னும் பின்னும் இழுக்க விட்டா அது பொம்மலாட்டம் ஆயிடும். நிலம், இயந்திரம், வரைபடம்னா சரி. அசைவு வேண்டாம்னு போன்ல அமைச்சிருக்கிறவங்களுக்கு அதே இடத்துல நிலைப்படம் வரட்டும். சப்டைட்டிலைப் படத்தோடயே பதிச்சிடாம வெப்விடிடி ஃபைலா (நேரக்குறிப்போட இருக்கிற எழுத்து ஃபைல்) தனியா வைங்க. பிழை திருத்த மறு-எக்ஸ்போர்ட் வேண்டியதில்லை.

பாதிக்கதை:
நன்றி. பார்க்கிறவர் விட்ட இடத்துலேர்ந்து தொடர லோக்கல் ஸ்டோரேஜ் (பிரவுசருக்குள்ள தளம் சேமிக்கிற இடம்) போதுமா?

கோடெக்_குமரன்:
அதை மட்டும் நம்பாதீங்க. பயனர் அந்தத் தளத்தைத் தொடாம சஃபாரியை 7 நாள் பயன்படுத்தினா, அங்கே சேமிச்சதை சஃபாரி அழிச்சிடும். அத்தியாய எண்ணை முகவரியிலயே சேர்த்துடுங்க, இணைப்பை அனுப்பினாலும் சரியான இடத்துல திறக்கும்.

வெட்டுமேசை:
முதுகெலும்பு அத்தியாயங்களை மட்டும் வரிசையாக் கோத்து ஒரு சாதா எம்பி4-ஐயும் இப்பவே எடுத்து வைங்க. பிரவுசர்ல அசைபடம், வீடியோ ஓட்டின பழைய ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ஓட முடிஞ்சப்ப, அதுல கட்டின வெப் டாக்குமென்டரிகள் பிரவுசர்ல திறக்காமப் போச்சு. வெளி மேப் சேவை, வெளி ஃபான்ட் ஏதாவது சேர்த்திருந்தா அதோட நகலும் உங்க சர்வர்லயே இருக்கட்டும்.