விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரு துண்டுப்பிரசுரம்: வாசித்துத் திருத்தித் தர ஆள் தேவை

அக்காமார், அண்ணாமார், வணக்கம். வன்னியில் படிக்கும் பல்கலைக்கழக மாணவிகள் நாங்கள் எட்டுப் பேர். கருத்தடை, கருக்கலைப்புச் சட்டம் பற்றி விடுதிப் பிள்ளைகளுக்காக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறோம்.

போன மாதம் என் அறைத்தோழி அவசர கருத்தடை மாத்திரை வாங்கப் போனாள். நானும் கூடப் போனேன். பார்மசியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?” என்று கேட்டார்கள். அவள் கையில் மடித்து வைத்திருந்த ஆயிரம் ரூபாய்த் தாள் வியர்வையில் நனைந்துவிட்டது. ஒன்றும் வாங்காமலே திரும்பினோம். பஸ்ஸில் வரும்வரை அவள் ஒரு சொல் பேசவில்லை. இத்தனைக்கும் அந்த மாத்திரையை உடலுறவுக்குப் பிறகு 72 மணித்தியாலத்துக்குள் எவ்வளவு கெதியாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். இதுகூட எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

சட்டம் இன்னும் கொடுமை. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புச் செய்யலாம். வன்புணர்வால் வந்த கருவுக்கும் விலக்கில்லை. அது மாற வேண்டும் என்று கையெழுத்தும் சேர்க்கிறோம்.

சரி, உதவி இதுதான். தமிழில் வாசிக்கக்கூடிய டொக்டர் அல்லது மிட்வைஃப் ஒருவர் எங்கள் வரைவைத் திருத்தித் தர வேண்டும், மூன்று பக்கம்தான். சட்டம் படித்தவர் ஒருவரும் பார்த்தால் பெரிய நிம்மதி. அப்புறம், கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் கலியாணமாகாத பிள்ளைகளையும் மரியாதையாகப் பார்க்கிற கிளினிக் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பெயர்கள் வெளியே போகாது.