32 ஜிபி இமேஜை 3.6 ஜிபிக்குக் கொண்டுவருவது

லினக்ஸில் டிடி கட்டளையால் எடுத்த மெமரி கார்டு இமேஜில் (கார்டின் முழு நகலான ஒரே ஃபைல்) உள்ளே 3 ஜிபிதான் இருந்தாலும் ஃபைல் 32 ஜிபியாகவே நிற்கும். சுருக்கும்போது வரிசை மாறக் கூடாது: முதலில் ஃபைல் சிஸ்டம் (இங்கே எக்ஸ்ட்4), அடுத்து அது இருக்கும் பார்ட்டிஷன், கடைசியில்தான் இமேஜ் ஃபைல். மாற்றிச் செய்தால் டேட்டாவின் வால் அறுந்துபோகும். அதனால் ஒரு நகல் எடுத்துவிட்டே கைவையுங்கள்.

இமேஜ் ஃபைலை டிஸ்க் போலக் காட்டும் லோசெட்அப்புக்குப் பெரிய பி ஆப்ஷன் கொடுத்தால் லூப்0பி1, லூப்0பி2 எனப் பார்ட்டிஷன்கள் தனித்தனியே தெரியும். மவுண்ட் செய்யாமல், ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் இ2எஃப்எஸ்சிகே-வைச் சிறிய எஃப் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அது முடியாமல், ஃபைல் சிஸ்டத்தின் அளவை மாற்றும் ரீசைஸ்2எஃப்எஸ் மறுத்துவிடும். பிறகு ரீசைஸ்2எஃப்எஸ், பெரிய எம்; அது முடிந்தவரை சிறிதாக்கும்.

பலரும் சறுக்குவது இதற்கப்புறம்தான். ரீசைஸ்2எஃப்எஸ் சொல்லும் எண் 4கே பிளாக் கணக்கு. அடுத்து பார்ட்டிஷனைச் சுருக்கும் எஃப்டிஸ்க் கேட்பது 512 பைட் செக்டர். எட்டால் பெருக்க வேண்டும். 812500 பிளாக் என்றால் 6500000 செக்டர். பார்ட்டிஷன் 532480-ல் தொடங்கினால் 7032479-ல் முடியும். அதோடு ஒன்று கூட்டி 512-ஆல் பெருக்கினால் 3600629760 பைட். லூப்பைக் கழற்றிவிட்டு, ஃபைலை வெட்டும் ட்ரன்கேட்டுக்கு இதைக் கொடுங்கள்.

*

மேலே உள்ள கணக்கு எம்பிஆர் என்ற பழைய வகை பார்ட்டிஷன் டேபிளுக்குச் சரி. புதிய வகையான ஜிபிடி என்றால் டேபிளின் மாற்று நகல் டிஸ்கின் கடைசி 33 செக்டரில் இருக்கும், வெட்டும்போது அதுவும் போய்விடும். அந்த 33 செக்டருக்கும் இடம் விட்டு வெட்டி, ஜிபிடியைத் திருத்தும் எஸ்ஜிடிஸ்க்கைச் சிறிய இ ஆப்ஷனோடு ஓட்டினால் டேபிள் புதிய முடிவுக்கு வந்துவிடும். எஃப்டிஸ்க்கில் அழித்துத் திரும்ப உருவாக்கினால் ஜிபிடியில் பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) மாறி, அதை வைத்துத் தேடும் சிஸ்டம் பூட் ஆகும்போது ரூட் பார்ட்டிஷன் கிடைக்காமல் நின்றுவிடும். பார்ட்டட் என்ற இன்னொரு கருவியில் ரீசைஸ்பார்ட் பாதுகாப்பானது. எம்பிஆரில் எஃப்டிஸ்க்கே போதும்; ஆனால் ஆரம்ப செக்டர் அதேதான், சிக்னேச்சரை (ஃபைல் சிஸ்டத்தின் அடையாளக் குறி) நீக்கவா என்று கேட்டால் 'இல்லை'.

ரீசைஸ்2எஃப்எஸ்ஸின் பெரிய எம் அநேகமாகக் காலி இடமே வைக்காது. அப்படியே பூட் செய்தால் லாக் எழுதக்கூட இடமிருக்காது. சில நூறு எம்பி சேர்த்து அளவை நீங்களே கொடுப்பது நல்லது. எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு இந்த வழி உதவாது. சிறிய புது இமேஜ் உருவாக்கி ஆர்சிங்க்கில் நகலெடுங்கள்.

*

டிஸ்கில் இடம் மிச்சமானால் போதும் என்றால் பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம். எக்ஸ்ட்4-ல் காலி இடத்தைப் பூஜ்யமாக்கும் ஜீரோஃப்ரீ, பிறகு இமேஜ் ஃபைலில் அந்தப் பூஜ்யங்களை இடம் பிடிக்காத ஓட்டைகளாக்கும் ஃபலோகேட் சிறிய டி. எல்எஸ் பழைய அளவையே காட்டும், உண்மையில் பிடிக்கும் இடத்துக்கு டியூ-வைப் பாருங்கள். வேறு கணினிக்கு எஸ்சிபி-யில் அனுப்பினால் ஓட்டைகள் நிரம்பித் திரும்ப 32 ஜிபி ஆகிவிடும். ஆர்சிங்க்கில் பெரிய எஸ் போடுங்கள்.

விஎம் (விர்ச்சுவல் மெஷின்) டிஸ்க் வடிவமான கியூகவ்2-க்கு விஎம்மை நிறுத்திவிட்டு விர்ட்-ஸ்பார்சிஃபை இன்-ப்ளேஸ் போதும். கியூஇஎம்யூ-இமேஜ் கன்வர்ட்டில் சிறிய சி கம்ப்ரஸ் செய்யும், ஆனால் புதிதாக எழுதப்படுவது கம்ப்ரஸ் ஆகாது. கியூகவ்2-க்குள்ளேயே சேமித்த ஸ்னாப்ஷாட்டுகளும் புது ஃபைலுக்கு வராது.