பூக்கும் வாரத்தில் வந்த வெயில்: பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து நெல் வயல் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை உழவர்

2023–24 இரண்டாம் போகம் இன்னும் மனத்தை அரிக்கிறது. அந்த ஆண்டு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பொய்த்ததும், ஆகஸ்ட் முழுவதும் காய்ந்ததும் இங்கே எல்லோரும் அறிந்தவை. முதல் போகம் பிந்தியதால் நடவும் பிந்தி, பயிர் பூக்கும்போது மாசி வெயில் வந்துவிட்டது. நோய் இல்லை, புகையான் பூச்சி இல்லை, இலையெல்லாம் நல்ல பச்சை. அறுவடை நெருங்கிய வேளையில், களை பறிக்க வந்து பழகிய மூத்த பெண்மணி ஒருவர் வரப்பில் நின்று, “கதிர் தலை குனியலையே, தம்பி” என்றார். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினேன். பெரும்பகுதி பதராகப் பறந்தது. என் தகப்பனார் கார்த்திகைக் காற்றுக்கு அஞ்சியதைப் பார்த்திருக்கிறேன், பூவின் மேல் படும் வெயிலுக்கு அஞ்சியதைப் பார்த்ததில்லை.

வேலந்தாவளம் உழவர்

கொழிஞ்சாம்பாறை அண்ணனின் இழப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் வெயிலின் மேல் போடுவதை ஏற்க இயலவில்லை. தமிழ்நாடும் கேரளமும் செய்த 1970 பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி எங்கள் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் உண்டு. அந்த நீர் எந்த வாரத்தில் கடைமடைக்கு வருகிறது என்பதே எங்கள் நடவு நாளை முடிவு செய்கிறது. நாற்றங்காலில் நாற்று முற்றிக் கணு விட்ட பிறகு வாய்க்காலில் நீர் வந்ததை நான் நேரில் கண்டேன். முற்றிய நாற்று தூர் கட்டாது. அதற்கு வெயில் என்ன செய்யும்?

கொல்லங்கோடு உழவர்

இருவரும் வறட்சியையே பேசுகிறீர்கள். என்னை வாட்டுவது புரட்டாசி அறுவடையில் கொட்டிய மழை. சாய்ந்த பயிர் நீரில் கிடக்க, அறுவடை இயந்திரம் சேற்றில் இறங்க முடியாமல் வரப்போரம் நிற்க, கதிரிலேயே வெள்ளை முளை எழும்பியிருந்தது. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. முளைத்த நெல்லை யார் எடுப்பார்? ஆனி மாதத்துத் திருவாதிரை ஞாற்றுவேலை நாட்களில் மழையும் வெயிலும் மாறி மாறி வரும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். இப்போது வாரக்கணக்கில் காய்கிறது, பிறகு ஒரே இரவில் கொட்டுகிறது.

நெம்மாறை உழவர்

எனக்கும் ஓர் ஆண்டு பதர் மிகுந்தது, அவ்வளவுதான் என் கதை. காரணத்தை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நெற்பூ முற்பகலில் சிறிது நேரமே திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் சரியாக உதிராமல் மணி பிடிப்பது குறைகிறது; செடி மட்டும் பசுமையாகவே நிற்கும். இரவு வெப்பத்தையும் கவனியுங்கள். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களை வைத்து 2004இல் வெளியான ஆய்வில், வறண்ட பருவத்தில் குறைந்தபட்ச வெப்பம் 1 பாகை உயரும்போது மகசூல் 10 சதவீதம் குறைவது தெரியவந்தது. ஆகவே வேலந்தாவளத்துத் தம்பி சொல்லும் நீரையும் அண்ணன் சொல்லும் வெயிலையும் பிரிக்க முடியாது: நீர் பிந்தினால் பூ வெயிலுக்குள் போய் விழுகிறது. நடவு பிந்துமெனத் தெரிந்தால் உமா நெல் ரகத்தை விட்டுவிட்டு, பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த காஞ்சனா போன்ற குறுகிய கால ரகத்தை எடுங்கள். பூக்கும் வாரத்தில் வயலில் நீர் வற்ற விடாதீர்கள். மருந்தடிக்க வேண்டியிருந்தால் மாலையில் அடியுங்கள், முற்பகலில் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை உழவர்

ஐயா சொன்னது முழுவதும் சரி. ஆயினும் நான் பாட்ட (குத்தகை) நிலத்தில் பயிர் செய்பவன். பாடசேகரம், அதாவது சேர்ந்து பயிர் செய்யும் வயல்தொகுதி, முழுவதும் உமா நிற்கும்போது என் வயல் மட்டும் முன்னதாக விளைந்தால், பறவையும் எலியும் அங்கேதான் கூடும். ஒரு வயலுக்காக இயந்திரமும் வராது. தனியாளாக ரகத்தை மாற்றுவது என்னால் ஆகாது. அடுத்த பாடசேகரக் கூட்டத்தில், பூக்க வேண்டிய நாளை முதலில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கி நாற்றுவிடும் நாளை முடிவு செய்யுமாறு கேட்கப் போகிறேன். உங்கள் பாடசேகரத்தில் அவ்வாறு செய்திருந்தால், எந்த மாதத்தில் விதை போட்டீர்கள், எந்த ரகம் என்பதை இங்கே எழுதுங்கள்.