காண்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டே முறையாகப் படிக்க வழி உண்டா? பாபநாசம் பக்கம்

பாபநாசம்_பில்டர்

வணக்கம். பாபநாசத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வீடு கட்டித் தருகிறேன். அப்பா மேஸ்திரி. பிளஸ் டூ முடித்த கோடையில் அவர் பின்னால் சட்டி தூக்கப் போனவன், அப்படியே கரணை பிடித்து, கம்பி கட்டி, இப்போது பதினாறு வருடமாகச் சொந்தமாக எடுத்துச் செய்கிறேன். வருடத்துக்கு மூன்று வீடு, நான்கு வீடு. கட்டியது எதுவும் இதுவரை இடியவில்லை, அதை ஒரு தகுதியாகச் சொல்லலாமா என்றுதான் இப்போது சந்தேகம்.

போன மாதம் ஒரு தளம் போட்டோம். வீட்டுக்காரரின் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார், சிவில் படித்தவர். மிக்ஸர் பக்கத்தில் நின்றவர், "எந்த கிரேடு அண்ணே?" என்றார். "எம்20, ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று" என்றேன், கான்கிரீட்டின் வலிமைத் தரமும் சிமென்ட், மணல், ஜல்லி விகிதமும். "கியூப் எடுக்கிறீங்களா?" கலவையைக் கட்டியாக வார்த்து லேபில் உடைத்துப் பார்ப்பது, எடுப்பதில்லை. "மூட்டைக்குத் தண்ணி எவ்வளவு?" மிக்ஸர் ஓட்டும் பையனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஹோஸை டிரம்முக்குள் விட்டுவிட்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, டீயைக் குடித்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதனால் கேட்கிறேன். என்னைப் போல டிப்ளமோ இல்லாதவன், தமிழில், வேலையை விடாமல் படிக்க என்ன இருக்கிறது? எனக்கு ஓய்வு என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். திருச்சியில் ஒரு தனியார் இடத்தில் ஐந்து நாள் பயிற்சிக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள், சர்டிபிகேட் தருவார்களாம். போகலாமா?

கரந்தைக்காரன்

தம்பி, அந்த 18,000 ரூபாயை இப்போதைக்குப் பையிலேயே வை. நான் இதே மாதிரி ஒன்றுக்குப் போய் வந்தவன், இடம் பேர் வேண்டாம். மூன்று நாள் ஏ.சி. அறையில் படம் காட்டினார்கள், ஒரு நாள் ரசாயனம் விற்பவர் வந்து பேசினார், கடைசி நாள் குரூப் போட்டோ. சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது.

உன்னிடம் அந்தப் பையன் கேட்டதற்குப் பதில் படிக்க ஐந்து நாள் வேண்டாம், ஒரு காலைப் பொழுது போதும். ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ, அளவில் கிட்டத்தட்ட 35 லிட்டர். தச்சரிடம் சொல்லி உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் வருகிற மாதிரி ஒரு பெட்டி அடித்துக்கொள். அதுவும் சரியாக 35 லிட்டர். மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி. சட்டிக் கணக்கை விட்டுவிடு. காலை எட்டு மணிக்கு சித்தாள் கொண்டுவரும் சட்டியும் மதியம் மூன்று மணிக்குக் கொண்டுவரும் சட்டியும் ஒரே சட்டியா சொல்லு, அவர்கள் மேல் தப்பில்லை, வெயில் அப்படி.

தண்ணீர், மூட்டைக்கு 25 லிட்டரில் ஆரம்பி. எம்20க்கு மேல்வரம்பு சிமென்ட் எடையில் 0.55 பங்கு, அதாவது 27.5 லிட்டர். ஹோஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அளவு கோடு போட்ட வாளி வை. இதில் மணலில் இருக்கும் ஈரமும் சேர்த்தி, அதை மறந்தால் வாளி வைத்தும் பிரயோஜனமில்லை.

ஈர மணலில் இன்னொரு கோளாறும் இருக்கிறது, இங்கே நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான். ஈரமானால் மணல் உப்பும். ஒரு கண்ணாடி அளவு ஜாடியில் 200 மில்லி கோடு வரை ஈர மணலைப் போடு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுப் படியவிடு. மணல் 160இல் வந்து நின்றால் 25 சதவீதம் உப்பியிருந்தது என்று அர்த்தம். நீ ஒன்றரைப் பெட்டி போட்டதாக நினைத்திருப்பாய், உள்ளே போனது 1.2 பெட்டிதான். மணல் குறைந்தால் கலவை சொரசொரவென்று நிற்கும், உடனே பையன் தண்ணீரை ஊற்றுவான், அப்புறம் பலகை பிரிக்கும்போது பீம் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை. எம்சாண்டும் உப்பும், "ஆற்று மணலுக்குத்தான் அண்ணே இதெல்லாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நாகை_சைட்_இன்ஜினியர்

கரந்தை அண்ணன் சொன்ன பெட்டி, வாளி, ஜாடி மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள் அண்ணா. ஆனால் அதோடு நின்றுவிட முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூலில் 1:1.5:3 மாதிரி விகிதக் கலவைக்கு எம்20 வரைதான் அனுமதி. அந்த எம்20கூட மழை வெயில் நேரடியாகப் படாத இடத்துக்குச் சொன்ன குறைந்தபட்சம். மிதமான பாதிப்பு என்று வகைப்படுத்திய இடத்துக்கே எம்25 கேட்கிறது, கடற்கரைக் காற்று படும் இடத்துக்கு எம்30, கம்பிக்கு மேல் கான்கிரீட் 45 மி.மீ., தண்ணீர் விகிதம் 0.45க்கு மேல் கூடாது. நான் வேலை பார்க்கும் பக்கம் பத்து வருட வீட்டில் சன்ஷேடு அடியில் கம்பி துருவேறிப் பிளந்து தொங்குவதைப் பார்த்தால் இந்த எண்கள் ஏன் என்று புரியும். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருப்பார்கள், ஆள் மிதித்ததும் நழுவியிருக்கும்.

எம்25 என்று போனால் டிசைன் மிக்ஸ்தான், அதாவது பொருட்களைச் சோதித்துக் கணக்கிட்ட கலவை. அதற்கு நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. நீங்கள் வாங்கும் சிமென்ட், மணல், ஜல்லியைச் சாக்கில் கட்டிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி லேபில் கொடுத்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள். அந்த ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கியூப்: 15 செ.மீ. அச்சு, ஒரு மாதிரிக்கு மூன்று. ஆயிரம் சதுர அடி, ஐந்து அங்குலத் தளம் என்றால் ஏறக்குறைய 12 கன மீட்டர், விதிப்படி இரண்டு மாதிரி, 28 நாளுக்கு ஆறு கியூப். 7 நாளில் பார்க்க மேலும் மூன்று எடுத்து வையுங்கள். எடுப்பது பெரிய வித்தை இல்லை, எடுத்ததைத் தண்ணீர்த் தொட்டியில் போடாமல் வெயிலில் வைத்துவிட்டு லேபைக் குறை சொல்கிறவர்கள்தான் அதிகம்.

படிக்க: விதிநூல்களை இந்தியத் தரநிலைகள் அமைப்பின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஆங்கிலம்தான், ஆனால் அட்டவணைகளைப் பார்க்க ஆங்கிலம் அதிகம் வேண்டாம். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம், பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் கட்டணம். முதலில் கான்கிரீட் தொழில்நுட்பம் பாருங்கள். ஸ்ட்ரக்சுரல் டிசைன் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், அதற்குக் கையெழுத்துப் போடப் பதிவு பெற்ற ஆள் வேண்டும்.

மன்னார்குடி_மண்

எல்லோரும் மேலே பேசுகிறீர்கள், கீழே பார்த்தீர்களா? நம் பக்கம் இப்போது மனை என்று விற்பதில் பாதி நேற்றுவரை நடவு நட்ட வயல். மேலே இரண்டடி செம்மண் அடித்துக் கல் நட்டுவிடுகிறார்கள். அடியில் களி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஆற்றில் தண்ணீர் வந்ததும் உப்பி மூடும். அதில் அப்பா காலத்து நாலடி கடைக்கால் போட்டால் இரண்டாவது வருடம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும், பூச்சுக்காரரைக் குறை சொல்வார்கள். இந்த மாதிரி மண்ணுக்கென்றே அடி அகன்ற பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், இருக்கிறது, அண்டர் ரீம் பைல் என்று கேட்டால் தெரியும், ரூர்க்கியில் உள்ள கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. படிப்பதென்றால் முதலில் மண் பரிசோதனை ரிப்போர்ட் படிக்கப் படியுங்கள். அவ்வளவுதான்.

கணக்கு_வழக்கு

நான் கான்கிரீட் ஆள் இல்லை, காண்ட்ராக்டர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். என் அனுபவத்தில் இவர்கள் பணம் இழப்பது கலவையில் இல்லை, பேச்சில். "சதுர அடி இவ்வளவு, எல்லாம் சேர்த்து" என்று வாயால் பேசிவிட்டு, அப்புறம் செப்டிக் டேங்க் அதில் உண்டா, காம்பவுண்டு உண்டா, டைல்ஸ் எந்த விலை வரை என்று பால் காய்ச்சும் அன்றுவரை சண்டை. நீங்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அளவெடுத்து எஸ்டிமேட் போடுவதும் இரண்டு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதுவதும். கம்பிக்கு ஒரு சின்னக் கணக்கு: மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதாலேயே பெருக்கி, 12 மி.மீ. கம்பிக்கு 12 பெருக்கல் 12, அதை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை, 0.89 கிலோ. கடைக்காரர் சொல்லும் எடையை இதை வைத்துச் சரிபார்த்தாலே ஒரு வீட்டில் கொஞ்சம் மிச்சமாகும்.

சான்றிதழ் பற்றி. தனியார் வீட்டுக்கு யாரும் கேட்க மாட்டார்கள். அரசு வேலை எடுக்க ஆசை இருந்தால் பொதுப்பணித் துறையில் ஒப்பந்ததாரராகப் பதிவு வேண்டும், கீழ் வகுப்பிலிருந்துதான் ஏற வேண்டும், டெண்டர் எல்லாம் ஆன்லைன், டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். ஜி.எஸ்.டி. இல்லாமல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம். அங்கேயும் அந்த ஐந்து நாள் சர்டிபிகேட்டை யாரும் பார்ப்பதில்லை.

சித்தாள்_மகன்

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. காண்ட்ராக்டர் மட்டும் படித்து என்ன செய்வது, கரணை பிடிப்பவர் யார்? ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் கொத்தனார்கள் போகாததற்குக் காரணம் ஒன்றுதான், அன்றைய கூலி யார் கொடுப்பார்? படிப்பு வேண்டும் என்கிறவர் தன் ஆட்களின் இரண்டு நாள் கூலியையும் கணக்கில் சேர்க்கட்டும். கூடவே எல்லோரையும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா என்றும் பார்க்கட்டும். 18,000 ரூபாய்க்கு நல்ல செலவு அது.

என் மாமா மகன் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கிறான், அங்கே லைசென்ஸ் பெற்ற காண்ட்ராக்டர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 14 மணி நேரம் படித்துக் காட்டினால்தான் புதுப்பிப்பார்களாம். இங்கே வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டரிடம் யாரும் லைசென்ஸே கேட்பதில்லை.

பாபநாசம்_பில்டர்

எல்லோருக்கும் நன்றி. திருச்சிக்குப் போகவில்லை. பெட்டி அடித்தாயிற்று, மாமரப் பலகை, 900 ரூபாய் ஆனது. கரந்தை அண்ணே, ஜாடி கிடைக்காமல் மருந்துக்கடையில் அளவுக் குழாய் வாங்கினேன், எங்கள் எம்சாண்டு 200இல் இருந்து 165க்கு வந்தது.

நேற்று புரட்டாசி வெயிலில் 700 சதுர அடி தளம். மூட்டைக்கு 25 லிட்டர் கணக்கில் மணல் ஈரத்தைக் கழித்து 22 ஊற்றச் சொன்னேன். முதல் டிரம் கொட்டியதும் எங்கள் மூத்த மேஸ்திரி கரணையால் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, "இது இறங்காது தம்பி, புட்டு மாவு மாதிரி இருக்கு" என்றார். வைப்ரேட்டர் வாடகைக்கு எடுத்திருந்தேன், ஊசியை விட்டதும் குழைந்து இறங்கியது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வழக்கமாக மூன்று மணிக்கு முடிவது ஐந்தரை ஆனது, ஆட்களுக்கு ஓவர்டைம் கொடுத்தேன், அது என் கையிலிருந்துதான். அடுத்த எஸ்டிமேட்டில் சேர்க்க வேண்டும்.

இன்று காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியாயிற்று. பி.பி.சி., அதாவது சாம்பல் கலந்த சிமென்ட், பதினான்கு நாள் விடப்போகிறேன். ஒன்பது கியூப் எடுத்தேன், தொட்டியில் கிடக்கின்றன. ஒரு சந்தேகம், 28ஆம் நாள் எண்ணிப் பார்த்தால் தீபாவளி அன்று வருகிறது, லேப் மூடியிருக்கும். முதல் நாளே உடைக்கக் கொடுத்துவிடலாமா?

நாகை_சைட்_இன்ஜினியர்

வேண்டாம் அண்ணா, தீபாவளி கழித்து லேப் திறக்கும் அன்று கொடுங்கள். எத்தனை நாள் வயது என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள், 29, 30 என்று இருந்தால் பரவாயில்லை. அதுவரை தொட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். தொட்டித் தண்ணீர் வற்றாமல் பார்க்க அன்றைக்கு யாராவது ஒருவர் சைட்டுக்குப் போய்வர வேண்டும், வெடி வெடிக்கும் பிள்ளைகளை நம்பாதீர்கள்.