குடும்பக் குரூப்: எட்டாம் கிளாஸ் பொண்ணு கேட்ட கேள்வி

நான்: பெரியம்மா ஃப்ரீயா இருக்கீங்களா, இன்னைக்கு எட்டாம் கிளாஸ்ல கார்பன் சுழற்சி ஆரம்பிச்சேன், ஒரு பொண்ணு எழுந்து மிஸ் நாம மூச்சு விடறதும் கார்பன் டை ஆக்சைடுதானே, அப்ப ஜனம் கூடுனதாலதான் பூமி சூடாகுதான்னு கேட்டா. நாளைக்கு பீரியட் முழுக்க அதையே எடுக்கலாம்னு இருக்கேன்

சித்தப்பா: எனக்கே ரொம்ப நாளா அந்த சந்தேகம் உண்டும்மா

பெரியம்மா: அருமையான கேள்வி, விட்றாத. மூச்சுல வர்ற கார்பன் எங்கேருந்து வந்துச்சுன்னு பசங்கள திருப்பிக் கேளு. சாப்பாட்டுலேருந்து, சாப்பாடு செடியிலேருந்து, செடி அத கொஞ்ச காலம் முன்னாடிதான் காத்துலேருந்து எடுத்துச்சு. எடுத்தது திரும்பிப் போகுது அவ்ளோதான். பயிர் பண்ண எரிக்கற டீசல் தனிக் கணக்கு. நிலக்கரில இருக்கறதோ 30 கோடி வருஷம் முன்னாடி இருந்த காடுங்க எடுத்து மண்ணுக்குள்ள புதைஞ்ச கார்பன், அத நாம ஒரு 200, 250 வருஷத்துல தோண்டி காத்துல விட்டுட்டோம்

அண்ணன்: பசங்க அளவ வச்சு மடக்குவாங்க பெரியம்மா. நிலத்துல செடிகொடி வருஷத்துக்கு சுமார் 12,000 கோடி டன் கார்பன் எடுக்குது, நாம எரிச்சு விடறது சுமார் 1,000 கோடி டன்தானே

பெரியம்மா: அந்த 12,000 கோடியும் மூச்சு, மக்கறது, தீன்னு கிட்டத்தட்ட அப்படியே திரும்பிடுதுடா. நாம விடறதுல பாதிக்கு கொஞ்சம் கம்மியா காத்துலயே தங்கிடுது, வருஷா வருஷம் அது மேல அது சேருது

சித்தப்பா: மீதி?

நான்: கடலும் காடும் மண்ணும் வாங்கிக்குது சித்தப்பா. ஆனா கடல் சும்மா வாங்கல, கரைஞ்சு கார்பானிக் அமிலமாகுது, மேல்மட்டத்து தண்ணியோட பிஹெச் (அமிலத்தன்மைய காட்டற அளவு, குறைஞ்சா அமிலம் கூடுதுன்னு அர்த்தம்) 8.2லேருந்து 8.1க்கு வந்தாச்சு. 0.1 தானேன்னு நினைக்காதீங்க, அமிலத்தன்மை தர்ற ஹைட்ரஜன் அயனி கால் பங்கு கூடிருச்சுன்னு அர்த்தம், சிப்பி பவளமெல்லாம் ஓடு கட்டவே கஷ்டப்படுது

தங்கச்சி: அக்கா கீலிங் வரைபடத்த காட்டு, காத்துல கார்பன் டை ஆக்சைடு எவ்ளோன்னு கீலிங்ங்கற விஞ்ஞானி அளந்து போட்டது!! 1958ல ஹவாய்ல மௌனா லோவா மலைல அளக்க ஆரம்பிச்சப்ப 315 பிபிஎம் (பத்து லட்சத்துல 315 பங்கு), இப்ப 420ஐ தாண்டிருச்சு. கோடு ரம்பப் பல்லு மாதிரி ஏறி இறங்கும், மே மாசம் உச்சம், அப்புறம் வடக்குப் பாதில செடியெல்லாம் தழைச்சு வளர வளர இறங்கும், குளிர் காலத்துல இலை மக்கி மறுபடி ஏறும். அந்தப் பல்லுதான் உயிருங்களோட எடுக்கறதும் குடுக்கறதும். மொத்தக் கோடும் மேல ஏறிக்கிட்டே போகுதே, அதுதான் நிலக்கரியும் பெட்ரோலும், காடு அழிச்சது கொஞ்சம்

அண்ணன்: ஏறுறது பழைய கார்பன்தான்னு எப்படி நிரூபிப்ப

தங்கச்சி: கார்பன் 14 வச்சுதான் அண்ணா. அது கதிரியக்கமுள்ள ஒரு வகை கார்பன், 5,730 வருஷத்துல பாதியாகும், நிலக்கரில சுத்தமா மிச்சமே இருக்காது. எரிக்க எரிக்க காத்துல அதோட பங்கு நீர்த்துப்போகுது. 1950கள்லயே ஹான்ஸ் சூயஸ்ங்கற விஞ்ஞானி மரக்கட்டைய அளந்து இத கண்டுபிடிச்சிட்டார்

நான்: சூப்பர், இத கண்டிப்பா சொல்றேன்

பெரியம்மா: வெறும் படம் மட்டும் போதாதும்மா, கையால செய்ய விடு. குழாய்ல ப்ரோமோதைமால் ப்ளூ (அமிலம் பட்டா நிறம் மாறுற சாயம்) கலந்த தண்ணி எடுத்து ஸ்ட்ரா வச்சு ஊதச் சொல்லு, நீலம் மஞ்சளாகும், உறிஞ்சிடக்கூடாதுன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடு. அதே குழாய்ல நீர்ச்செடி போட்டு மூடி நல்ல வெளிச்சத்துல வச்சா சில மணி நேரத்துல திரும்ப நீலத்துக்கு வரும். அவங்க விட்ட மூச்ச செடி எடுத்துக்கிட்டத கண்ணால பாப்பாங்க, அந்தப் பொண்ணோட கேள்விக்கு இதவிட நேரான பதில் கிடையாது

சித்தப்பா: அப்ப மரம் நட்டா எல்லாம் சரியாயிடும்ல

பெரியம்மா: நடணும்தான், ஆனா மரம் செத்து மக்குனாலோ எரிஞ்சாலோ கார்பன் மறுபடி காத்துக்கே வந்துடும், நிலக்கரியா பூமிக்கடிலயே கெடந்திருந்தா அது காத்துக்கு வரவே வராது. அதனால நட்டாச்சு, இனி எவ்ளோ வேணா எரிக்கலாம்னு பசங்க மனசுல பதிஞ்சிடக்கூடாது, இத அழுத்திச் சொல்லும்மா

நான்: சரி பெரியம்மா. காலைல முதல் பீரியட்லயே ஊத வச்சு குழாய ஜன்னல் வெயில்ல வச்சிடறேன், சாயங்காலம் கலர் எப்படி மாறிச்சுன்னு போட்டோ போடறேன்