ஹார்னஸ் பந்தயத் தொடக்கம்: கேட்டின் பின்னால் தடுமாறிய குதிரைக்காக ஓட்டத்தைத் திரும்ப அழைக்க வேண்டுமா?

வடகரை (ஒன்ராறியோ) எழுதியது:

நண்பர்களே, சென்ற வாரம் எங்கள் பகுதியின் ஓடுதளம் ஒன்றில் நேரில் கண்டதை முன்வைத்து இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன். இந்தப் பந்தயத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வரி: குதிரையின் பின்னால் நம் ரேக்ளாவைப் போன்ற, ஆனால் அதைவிடவும் இலேசான இருசக்கர வண்டியில் சாரதி அமர்ந்திருப்பார், குதிரை டிராட் அல்லது பேஸ் என்ற நடையிலேயே ஓட வேண்டும், நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது. இருபுறமும் இறக்கைபோல் தடுப்பு விரிந்த கார் ஒன்று (இதைத்தான் கேட் என்பார்கள்) முன்னால் நகர, குதிரைகள் அதன் பின்னால் வரிசையாக வரும். தொடக்கக் கோட்டில் இறக்கைகள் மடங்கி, கார் விலகிச் செல்லும்.

அன்று அதிகமானோர் பணம் கட்டியிருந்த குதிரை, கோட்டை அடைவதற்குச் சற்று முன்னர் நடை தவறிப் பாய்ச்சலுக்குப் போய்விட்டது. சாரதி அதை இழுத்துச் சீராக்குவதற்குள் மற்றவை வெகுதூரம் போய்விட்டன. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் அதிகாரியான ஸ்டார்ட்டர் அதைத் திரும்ப அழைக்கவில்லை. பணமும் திருப்பித் தரப்படவில்லை. ஓட்டமே தொடங்காத நிலையில் ஒரு குதிரை போட்டியிலிருந்து அகன்றுவிட்டதென்றால், அதைத் தொடக்கம் என்று எந்த நியாயத்தில் சொல்கிறார்கள்? திரும்ப அழைத்து மறுபடியும் தொடங்குவதே முறை என்பது என் கருத்து.

கடிவாளம் எழுதியது:

வடகரை ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்பது, இந்தப் பந்தயம் மிகுந்த சிரமப்பட்டு விட்டொழித்த ஒரு பழைய நோயை மீண்டும் அழைத்து வருவதாகும். நான் குதிரை லாயத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நகரும் கேட் வருவதற்கு முன் அமெரிக்காவில் குதிரைகள் தாமாகவே அணிசேர்ந்து கோட்டை நோக்கி வர வேண்டியிருந்தது. வரிசை சரியாக அமையாவிட்டால் ஸ்டார்ட்டர் அனைவரையும் திருப்பி அனுப்புவார். மறுபடியும் வருவார்கள், மறுபடியும் திரும்புவார்கள். பதற்றமுள்ள குதிரை இரண்டாம், மூன்றாம் முறையிலேயே வியர்த்துக் களைத்துவிடும். அதை அறிந்த தந்திரக்காரச் சாரதிகள், எதிராளியின் குதிரையைச் சோர்வடையச் செய்வதற்கென்றே வேண்டுமென்று வரிசையைக் குலைத்ததும் உண்டு. 1946-இல் நியூயார்க் மாநிலத்தின் ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில் ஸ்டீபன் பிலிப்ஸ் வடிவமைத்த நகரும் கேட் வந்த பிறகுதான் அந்தச் சச்சரவு ஓய்ந்தது. இரவுப் பந்தயம் மக்களிடம் செல்வாக்குப் பெற்றதற்கு, சொன்ன நேரத்தில் ஓட்டம் தொடங்கியதும் ஒரு முக்கியக் காரணம்.

திரும்ப அழைப்பதை அமெரிக்க விதிநூல் முற்றிலும் மறுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். குதிரை கேட்டைத் தாண்டி முன்னே போய்விட்டால், ஒன்று மற்றொன்றின் வழியை மறித்தால், சேணமோ வண்டியோ உடைந்தால், குதிரை விழுந்துவிட்டால், கேட்டே பழுதானால் ஸ்டார்ட்டர் அழைக்கலாம். நடை தவறுவது அந்தப் பட்டியலில் இல்லை, இருக்கவும் கூடாது. ஏனென்றால் நடையைக் காப்பதுதான் இந்தப் பந்தயத்தின் சோதனையே. நம் நிகண்டுகள் குதிரைக்கு ஐந்து கதிகளைச் சொல்லும். எந்தக் கதியில் ஓட வேண்டுமோ அந்தக் கதியில் நிற்காத குதிரை, தோற்கத் தொடங்கிவிட்ட குதிரையே.

வடகரை எழுதியது:

கடிவாளம் ஐயா, வரலாற்றை ஏற்கிறேன். ஆனால் உங்கள் பட்டியலில் ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கத்துக் குதிரையின் சக்கரம் உரசியதால் ஒரு குதிரை நடை தவறினால் அது வழிமறிப்பு. தானாகத் தவறினால் அதன் குற்றம். இந்த வேறுபாட்டை, ஓடும் காரில் பின்னோக்கி அமர்ந்தபடி ஸ்டார்ட்டர் ஒரு கணத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அமெரிக்க விதிப்படி கேட் முதல் எட்டிலொரு மைலை மணிக்கு 11 மைலுக்குக் குறையாத வேகத்திலும், அடுத்த பதினாறிலொரு மைலை 18 மைலுக்குக் குறையாத வேகத்திலும் கடந்து, அதன்பின் முழு வேகத்தை எட்டும். அந்தக் கடைசிப் பகுதியில்தான் பெரும்பாலான சச்சரவுகள் எழுகின்றன. அங்கேதான் பார்ப்பதற்கான நேரமும் மிகக் குறைவு.

ஓட்டத்தைத் தொடங்க ஸ்டார்ட்டர் சொல்லும் "கோ" (ஓடு) என்ற சொல் ஒலித்த பிறகு திரும்ப அழைக்கவே முடியாது என்ற விதியின் விளைவையும் மறக்க வேண்டாம். நீங்கள் புகழ்ந்த அதே ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில் 1963 நவம்பர் 8 அன்று, எட்டுக் குதிரைகள் ஓடிய ஒரு பந்தயத்தில் ஆறு குதிரைகள் விபத்தில் சிக்கின. அப்படியிருந்தும் முடிவு செல்லும் என்று அறிவித்தார்கள். கூட்டம் தளத்துக்குள் இறங்கிப் பெருங்கலவரமே நடந்தது. அந்த வன்முறையை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் விதி சரியாகப் பின்பற்றப்பட்ட நாளிலும் மக்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள் என்றால், விதியில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்றுதான் பொருள்.

செந்நதி (பாரிஸ்) எழுதியது:

இருவரும் கேட்டை மட்டுமே வைத்துப் பேசுகிறீர்கள். நான் வசிக்கும் இடத்திலிருந்து வன்சென் ஓடுதளம் தொலைவில் இல்லை. அங்கே 1920 முதல் நடந்துவரும் பிரி தமெரிக் பந்தயம், 2,700 மீட்டர் தூரம், கார் இல்லாமல் வோல்ட் என்ற முறையில் தொடங்குகிறது. பதினெட்டுக் குதிரைகள் வரை சிறு வட்டமடித்துத் திரும்பி, ஒரே கணத்தில் முகம் நிமிர்ந்து ஓட வேண்டும். தவறினால் திரும்ப அழைக்கிறார்கள். ஆனால் அந்தத் தவறுக்குக் காரணமான சாரதிக்கு அபராதமும், சில நாட்கள் ஓட்டத் தடையும் விதிக்கிறார்கள். சுமையைக் குதிரை மீதோ பணம் கட்டியவர் மீதோ ஏற்றாமல் தவறு செய்தவர் மீது ஏற்றுவதால், இதுவே நேர்மையான வழி என்று எண்ணுகிறேன். ஓட்டம் முறையாகத் தொடங்கிய பின் நடை தவறும் குதிரையிடமோ பிரான்சில் அமெரிக்காவைவிடக் கடுமை அதிகம்: அமெரிக்காவில் இழுத்துச் சீராக்கினால் தொடரலாம், இங்கே பெரும்பாலும் தகுதி நீக்கம்தான்.

கடிவாளம் எழுதியது:

செந்நதி அம்மா, அபராதம் சாரதியைத் திருத்தும். நான்காவது முறை வட்டமடிக்கும் குதிரையின் களைப்பை அது போக்குமா? வன்சென்னிலேயே 2,100 மீட்டர் ஓட்டங்களுக்குக் காரைப் பயன்படுத்துகிறார்களே, அதற்கு உங்கள் விளக்கம் என்ன?

தென்முனை (மெல்பர்ன்) எழுதியது:

இங்கு இரண்டு முறைகளும் உண்டு: நகரும் கேட்டும், நாடாவின் பின்னால் நின்று தொடங்குவதும். நின்று தொடங்கும் ஓட்டத்தில் வலிமையான குதிரையைப் பத்துப் பத்து மீட்டராகப் பின்னால் நிறுத்தவும் முடியும். சச்சரவைத் தீர்ப்பதில் ஆஸ்திரேலியா செய்யும் ஒரு செயல் எனக்குப் பிடிக்கும். தொடக்கத்தில் அடிக்கடி முரண்டு பிடிக்கும் குதிரையை, தொடக்க இடத்துக்கான குலுக்கலில் சேர்க்காமல் வரிசையின் வெளிப்புறத்தில் வைப்பார்கள். சோதனை ஓட்டங்களில் ஒழுங்காகத் தொடங்கி நடுவர்களின் நம்பிக்கையைப் பெற்ற பிறகுதான் மீண்டும் குலுக்கலுக்குள் வர முடியும். சச்சரவு எழும் நாளுக்கு முன்பே அதற்கான காரணத்தை அகற்றும் முறை இது. வடகரை சொன்ன குதிரைக்கு முன்பும் அத்தகைய வழக்கம் இருந்ததா என்பதைப் பார்த்தீர்களா?

வடகரை எழுதியது:

பார்த்தேன். அதற்கு முந்தைய இரண்டு ஓட்டங்களிலும் அது ஒழுங்காகவே தொடங்கியிருக்கிறது. ஆகவே உங்கள் முறை நல்லதுதான் என்றாலும், இந்த வழக்கில் உதவியிருக்காது.

இப்போது என் நிலைப்பாட்டில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். தானாக நடை தவறிய ஒரு குதிரைக்காக மற்ற எல்லாவற்றையும் மறுபடி ஓடவைப்பது அந்தக் குதிரைகளுக்குச் செய்யும் கொடுமை என்பதைக் கடிவாளம் ஐயா எனக்கு உணர்த்திவிட்டார். ஆனால் ஓட்டம் செல்லுவதும், கட்டிய பணம் போவதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒன்ராறியோவில் இதற்கென்றே தொடக்கக் கோட்டுக்கு ஏறத்தாழ 200 அடி முன்னால் ஒரு கம்பம் உண்டு. முன்னணிக் குதிரை கோட்டைத் தொடும்போது எந்தக் குதிரை அந்தக் கம்பத்தை எட்டவில்லையோ, அதன்மேல் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். காரணம் யாருடையது என்ற கேள்வியே அங்கு எழாது. தூரம் ஒன்றுதான் அளவுகோல். இதைவிடத் தெளிவான தீர்வு வேறில்லை. என் குறை, அந்தக் கம்பம் நிற்கும் இடத்தைப் பற்றியது.

ஒரு மைலை 1 நிமிடம் 50 விநாடிகளில் ஓடும் குதிரை 200 அடியைக் கடக்க நான்கு விநாடிகளுக்குச் சற்று மேல் எடுக்கும். ஆகவே 190 அடி பின்தங்கிய குதிரைக்கு, ஓட்டம் தொடங்கும் முன்பே ஏறத்தாழ நான்கு விநாடி இழப்பு. அத்தகைய குதிரை வெல்லும் என்று லாயத்தில் வேலை செய்த நீங்கள் சொல்வீர்களா? ஆனாலும் விதிப்படி அது முறையாகத் தொடங்கிய குதிரை. நான் பார்த்த குதிரையும் கம்பத்தைச் சற்றே தாண்டிய நிலையில்தான் இருந்தது. அந்தத் தூரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பதே இப்போது என் வாதம்.

கடிவாளம் எழுதியது:

வெல்லாது என்று ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனாலும் பாதியாக்கக் கூடாது. 100 அடி என்று வைத்தால், தன் குதிரைக்கு இன்று ஓட மனமில்லை என்று உணரும் சாரதி, கேட்டின் பின்னால் கொஞ்சம் கடிவாளத்தைப் பிடித்தாலே பணம் திரும்பிவிடும். 200 அடி பின்தங்குவதைத் தற்செயல்போல் நடிப்பது கடினம். 100 அடி எளிது. அந்த இடைவெளிதான் நேர்மையற்ற கைகளுக்கும் கம்பத்துக்கும் நடுவே நிற்கிறது. லாயத்தில் நான் பார்த்த கைகளை வைத்துச் சொல்கிறேன்.

வடகரை எழுதியது:

அப்படியென்றால் அந்தக் கைகளைக் கண்காணிப்பது நடுவர்களின் வேலை. காரிலேயே குதிரைகளை நோக்கி ஒரு கேமராவை வைத்தால், கடிவாளம் எந்தக் கணத்தில் பிடிக்கப்பட்டது என்பது பதிவாகும். செந்நதி சொன்ன அபராதத்தையும் தடையையும் அங்கே பயன்படுத்தலாம். சில சாரதிகள் நடிக்கக்கூடும் என்பதற்காக, 190 அடி பின்தங்கிய குதிரையின்மேல் பணம் கட்டிய எல்லோரும் இழக்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வாதத்தை எங்கள் மாகாணத்தின் ஒழுங்குமுறை அதிகாரிகளுக்கு எழுத்தில் அனுப்ப இருக்கிறேன். உங்கள் மறுப்பையும் அப்படியே அதனுடன் இணைக்க அனுமதி தருவீர்களா?

கடிவாளம் எழுதியது:

தாராளமாக இணையுங்கள். நடிப்பைப் பற்றிய பத்தியை மட்டும் சுருக்காமல் முழுவதுமாகப் போடுங்கள்.